ஆற்றைக் குறை சொல்லாதீர்கள்!



ஆண்டுத் தேர்வு முடிந்தாயிற்று. வெயில் கொளுத்துகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நாட்களில் எங்கே போகலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திற்பரப்பு அருவி இருக்கிறது. பேச்சிப்பாறை அணை இருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் பரளியாறு இருக்கிறது. கோதையாறும் பரளியாறும் சேர்ந்துகொள்ளும் மூவாற்றுமுகம் இருக்கிறது. அங்கிருந்து தாமிரபரணி என்ற பெயரோடு குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் கடலுக்குப் போகிற ஆற்றின் கரை நெடுகப் படித்துறைகள் இருக்கின்றன. (இது திருநெல்வேலித் தாமிரபரணி அல்ல, அதே பெயர் கொண்ட இன்னோர் ஆறு.) புளிச்சோற்றையும் துண்டையும் கட்டிக்கொண்டு நீங்கள் புறப்பட்டு விடுகிறீர்கள்.

காலையில் பாடிக்கொண்டு போகிற கூட்டம் மாலையில் சொறிந்துகொண்டு திரும்புகிறது! கை, கால், கழுத்து எல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருக்கிறது. "குளியல் சுகந்தான், ஆனால் அந்தக் கொசு இருக்கிறதே!" என்கிறீர்கள். "ஆறு இருந்தால் கொசு இருக்கத்தானே செய்யும்?" என்று பெரியவர்களும் ஒத்துப் பாடுகிறார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. பட்டப்பகலில் ஆற்றங்கரையில் உங்களைக் கடித்த கொசுக்களில் பெரும்பாலானவை அந்த ஆற்றில் பிறந்தவை அல்ல. அப்படியானால் எங்கே பிறந்தவை? அதைத் தெரிந்துகொள்ளாமல் தைலம் பூசுவதிலும் புகை போடுவதிலும் பாதிப் பயன்தான் உண்டு என்பது என் கட்சி.

முதலில் கொசுவின் பிள்ளைப் பருவத்தைப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் புழு தண்ணீருக்குள் வாழ்கிறது. ஆனால் மீனைப் போல் செவுள் கொண்டு மூச்சு விடுவதில்லை. பெரும்பாலான கொசுப் புழுக்களுக்கு வால் பக்கத்தில் ஒரு சிறு குழல் உண்டு. அந்தக் குழலின் நுனியை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித்தான் அவை காற்றை இழுத்துக் கொள்ளும். தொட்டி நீரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே ஓடும் புழுக்களைப் பார்த்திருப்பீர்களே, அவைதாம். இப்படி அசையாமல் தொங்கி மூச்சு விட வேண்டுமென்றால் நீர்மட்டம் சலனமில்லாமல் இருக்க வேண்டும். திற்பரப்பில் பாறையில் மோதி நுரைத்து ஓடுகிற தண்ணீரில் அது நடக்கிற காரியமா? புழு அடித்துக்கொண்டு போய்விடும். போகிற வழியில் மீனுக்கு இரையாகும்.

அப்படியானால் ஆறு முழுவதும் குற்றமற்றதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கோடையில் ஆறு இளைத்துப் போகிறது. பாறைக் குழிகளிலும் மணல் பள்ளங்களிலும் தண்ணீர் தேங்கி நின்று விடுகிறது. ஓட்டத்திலிருந்து பிரிந்து விட்ட அந்தக் குழிகளில் மீன் இல்லாவிட்டால் கொசுவுக்குக் கொண்டாட்டம். மலையடிவார ஓடைகளில் புல் மூடிய ஓரங்களில் நீர் மெல்ல ஊர்ந்து செல்லும் இடத்தை விரும்புகிற கொசு ஒன்றும் உண்டு. அனாபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்று பெயர். ஃப்ளூவியாட்டிலிஸ் என்றால் ஆற்றைச் சேர்ந்தது என்றுதான் பொருள். மலேரியாவைப் பரப்புகிற இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது கடிப்பது இரவில். நீங்கள் ஆற்றில் விளையாடிக்கொண்டிருக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு அல்ல.

பகலில் கடிக்கிற வேறு சிலரும் ஆற்றங்கரையில் உண்டு. கொசுவின் கணக்கில் அவர்களைச் சேர்த்துவிடக் கூடாது. ஒன்று, மாட்டு ஈ. நல்ல வெயிலில், குளித்து ஈரத்தோடு கரையேறும் உடம்பைத் தேடி வரும். கொசு ஊசி போடுகிறது. மாட்டு ஈயோ கத்தி போடுகிறது! தோலை அறுத்து, கசிகிற இரத்தத்தை நக்கிக் குடிக்கும். அதனால்தான் சுருக்கென்று வலிக்கிறது. நீர்ப்பரப்பிலிருந்தும் கருநிற மாட்டின் பளபளப்பான முதுகிலிருந்தும் பிரதிபலிக்கும் ஒளி மாட்டு ஈயை இழுக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். 2019-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கறுப்பு மாடுகளின் மேல் வரிக்குதிரை போல் வெள்ளைக் கோடுகள் தீட்டிப் பார்த்தார்கள். அந்த மாடுகளின் மேல் வந்து உட்காரும் கடிக்கும் ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து விட்டன! நீங்கள் உடம்பில் கோடு போட்டுக்கொள்ள வேண்டாம். கரையேறியதும் துவட்டிக்கொண்டு வெளிர்நிறச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

இன்னொன்று, முதுகு கூனிய மிகச் சிறிய கறுப்பு ஈ. சிமுலியம் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். டார்ஜிலிங் மலைப்பக்கம் 'பிப்சா' என்கிறார்கள். இதன் பிறப்பிடம் மட்டும் சந்தேகமில்லாமல் ஆறுதான். அதுவும் வேகமாக ஓடும், பிராணவாயு நிறைந்த நீர். இதன் புழு பட்டு போன்ற பசையைப் பாறையில் ஒட்டி, பின்பக்கக் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறிகளால் நீரில் வரும் உணவை வடிகட்டித் தின்னும். ஆப்பிரிக்காவில் இந்த ஈக்கள் ஆற்றோரக் கிராமங்களில் மக்களின் கண்ணைப் பறிக்கும் ஒரு புழு நோயைப் பரப்பி வந்தன. மேற்கு ஆப்பிரிக்காவில் 1974 முதல் 2002 வரை உலக சுகாதார நிறுவனம் அதை எதிர்த்துப் பெரும் போராட்டமே நடத்தியது. நல்லவேளையாக நம் நாட்டில் அந்த நோய் பரவியிருக்கவில்லை. இங்கே சிமுலியம் கடித்தால் ஒரு புள்ளி இரத்தம், இரண்டு நாள் அரிப்பு, அவ்வளவுதான். சாக்கடை கலந்து கெட்டுப்போன நீரில் இந்த ஈக்களில் பல இனங்கள் பிழைக்க மாட்டா. ஆகவே பாறையில் அவற்றின் புழுக்கள் ஒட்டியிருப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக் கொள்வேன்.

சரி, பகல் கொசுவுக்கு வருவோம். கடிக்கும்போதே அடித்து, கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு உடம்பு. கால்களில் வெள்ளை வளையங்கள். முதுகின் நடுவே சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இதுதான் ஈடிஸ் ஆல்போபிக்டஸ். உடம்பிலுள்ள வரிகளுக்காகப் புலிக் கொசு என்றும் சொல்வார்கள். வீட்டுத் தொட்டிகளில் வளரும் ஈடிஸ் ஈஜிப்டி இதன் ஒன்று விட்ட சகோதரி. சகோதரி வீட்டுக்குள் வாழ்கிறவள். இவள் தோட்டம் துரவில் வாழ்கிறவள். இருவருமே டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைப் பரப்ப வல்லவர்கள்.

இந்தத் தோட்டத்துச் சகோதரி ஆற்றிலோ குளத்திலோ முட்டையிடுவதில்லை. காட்டில் இருந்த காலத்தில் மரப்பொந்திலும் மூங்கில் கட்டையிலும் தேங்கும் ஒரு கைப்பிடி மழைநீரே அவளுக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பொந்துக்குப் பதில் மனிதர்கள் இன்று அவளுக்கு ஆயிரக்கணக்கில் தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். திற்பரப்புக்கும் பேச்சிப்பாறைக்கும் போகிற வழியில் இருபுறமும் என்ன மரம் நிற்கிறது? ரப்பர். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் என்ன கட்டியிருக்கிறது? பால் வடிவதற்கு ஒரு சிரட்டை, அல்லது பிளாஸ்டிக் கிண்ணம்.

பால் வெட்டுகிற நாட்களில் இந்தச் சிரட்டைகளால் தொல்லை இல்லை. ஒன்று விட்டு ஒரு நாள் தொழிலாளி வந்து பாலை ஊற்றி எடுத்து விடுகிறார். கொசு வளர நேரமில்லை. ஆனால் ரப்பர் இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் சில வாரங்கள் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். சிரட்டைகள் நிமிர்ந்தபடியே நிற்கின்றன. கோடை மழை ஒன்று கொட்டுகிறது. சிரட்டை நிறைகிறது. முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூட்டுப்புழு, அதிலிருந்து சிறகு முளைத்த கொசு. நம் ஊர் வெக்கையில் இத்தனையும் நடக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அடுத்த வாரம் பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்து இறங்குகிறவர் யார்? நீங்கள்தான்!

இன்னொரு தந்திரத்தையும் கேளுங்கள். ஈடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உலர்ந்தபடியே உயிரோடு காத்திருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரித்து விடும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுகாதார ஊழியர்கள் சொல்வது இதனால்தான். சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாலோ நீர் ஏறுவதற்கே வழியில்லை.

இதெல்லாம் கொஞ்சம் அரிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். சிக்குன்குனியா என்ற காய்ச்சல் 1952-இல் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவில் (இன்றைய டான்சானியா) முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. மக்கோண்டே மொழியில் அந்தப் பெயருக்கு 'வளைந்து போவது' என்று பொருள். நோயாளி மூட்டு வலியால் குனிந்தே நடப்பார். இந்தியாவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அடங்கிக் கிடந்த இந்நோய் 2005-இன் கடைசியில் திரும்பி வந்தது. 2006-இல் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2007-இல் கேரளம் கடுமையாகத் தாக்கப்பட்டது. அங்கே பிடிபட்ட வைரஸை ஆராய்ந்தபோது அதன் உறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது தெரிந்தது. அந்தச் சின்னஞ்சிறு மாற்றத்தால் வைரஸ் ஆல்போபிக்டஸ் கொசுவின் உடம்பில் முன்னைவிட எளிதாகப் பெருகியது. ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நாட்டில், ரப்பர்த் தோட்டத்துக் கொசுவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற வைரஸ்! களியக்காவிளையைத் தாண்டினால் நம் மாவட்டம். கொசு அவ்வளவு தூரம் பறக்காது என்பது உண்மைதான். ஆனால் வைரஸுக்குச் சிறகு எதற்கு? அது காய்ச்சல்காரரின் இரத்தத்தில் ஏறி பஸ்ஸில் பயணம் செய்கிறது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் போகாது. ரப்பர் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து ஒரு நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்களில் கத்தி வைக்க வேண்டும். மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுக்க வேண்டும். அதற்கு மணிக்கட்டு சொன்னபடி கேட்க வேண்டும். மணிக்கட்டு வீங்கியவர் என்ன செய்வார்? சுற்றுலா போகிற நீங்களும் நானும் மாலையில் வீடு திரும்பி விடுகிறோம். அந்தக் கொசுவோடு அங்கேயே குடியிருக்கிறவர்கள் அவர்கள். ஆற்றங்கரைக் கொசுவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் தோல் அரிப்பையே பேசுகிறோமே, அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி, கடிபடாமல் இருப்பது எப்படி? கொசு நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. காற்றில் கரியமிலவாயு 0.04 சதவீதந்தான் இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறக்குறைய 4 சதவீதம். நூறு மடங்கு! பெண் கொசு (ஆண் கொசு கடிப்பதே இல்லை) அந்த வாசனை இழையைப் பிடித்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. கிட்டே வந்ததும் கண்ணால் தேடுகிறது. இன்னும் நெருங்கியதும் வியர்வை நெடியையும் உடல் சூட்டையும் உணர்கிறது. 2022-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஈடிஸ் ஈஜிப்டியை வைத்துச் சோதித்தார்கள். கரியமிலவாயுவை முகர்ந்த பிறகு அது சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் பறந்தது. பச்சை, ஊதா, வெள்ளை நிறங்களைக் கண்டுகொள்ளவில்லை. மனிதத் தோல், எந்த நிறத்ததாயினும், சிவப்பு கலந்த ஒளியைத்தான் அதிகம் வீசுகிறதாம். ஆகவே முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை அல்லது பாவாடை, தளர்ச்சியாக, வெளிர்நிறமாக. ஒட்டிப் பிடித்த துணியின் வழியாகக் கொசு ஊசி இறக்கி விடும்.

கொசு பறக்கும் வேகம் நீங்கள் சாவகாசமாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. கொஞ்சம் பலமாகக் காற்றடித்தாலே அதற்குத் திண்டாட்டம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றில் அது என்ன செய்யும் என்று நீங்களே கற்பனை செய்து கொள்ளுங்கள்! ஆகவே சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும் இடம் முக்கியம். தோட்டத்து ஓரத்துக் குளிர்ந்த நிழலை விட்டு, ஆற்று நடுவே காற்றுப் படும் பாறையிலோ திறந்த மணல் திட்டிலோ உட்காருங்கள். அணையில் எப்போது தண்ணீர் திறக்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ள வேண்டும். கொசுவுக்குப் பயந்து வெள்ளத்தில் மாட்டிக் கொள்ளலாகாது. ஈடிஸ் அதிகமாகக் கடிப்பது காலையிலும், சாயங்காலம் வெயில் தாழும் நேரத்திலும். அந்த இரண்டு வேளைகளில் மரநிழலில் நின்று கதை பேசாதீர்கள்.

கடையில் விற்கும் கொசு விரட்டிப் பசைகளை நான் எதிர்க்கவில்லை. அவை கொசுவைக் கொல்வதில்லை. நம் மேல் வரும் வாசனையை அது சரியாக அறிய முடியாமல் குழப்பி விடுகின்றன. டீட் என்ற இரசாயனத்தை 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கினார்கள். குவாலியரிலுள்ள நமது பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தினர் டெபா என்ற விரட்டியை உருவாக்கினார்கள். ஓடோமாஸ் பசையில் இருப்பது டையீத்தைல் பென்சமைடு. எதுவானாலும் கண், வாய், புண் படாமல் வெளியே தெரியும் தோலில் மட்டும் பூச வேண்டும். குளிக்கப் போகுமுன் பூசுவது வீண்; அது உங்களைவிட்டு ஆற்றுக்குப் போய்ச் சேரும். குளித்துத் துவட்டிய பிறகு பூசுங்கள். (டீட் சில பிளாஸ்டிக்குகளை இளக்கி விடும். கைக்கடிகாரக் கண்ணாடி பத்திரம்!) வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் தைலம் ஆகியவையும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். சீக்கிரம் ஆவியாகி விடுவதால் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருக்கும். ஆனால் கேளா ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் என்று சொல்லி விற்கிற கருவிகளுக்குக் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். பல நாடுகளில் வெளியிடங்களில் வைத்துச் சோதித்து விட்டார்கள். கடி ஒன்றுகூடக் குறையவில்லை. இரவு தங்கினால் வலை கட்டுங்கள். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

கொசு அதிகமானால் ஊரில் என்ன கோரிக்கை எழுகிறது? "மருந்துப் புகை அடியுங்கள்!" வண்டி வருகிறது. வெள்ளைப் புகை தெருவை மூடுகிறது. எல்லாருக்கும் திருப்தி. நோய் பரவி விட்ட நேரத்தில் பறக்கும் கொசுவைக் குறைக்கப் புகை தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் சிரட்டைக்குள் நெளியும் புழுவை அந்தப் புகை தொடுவதில்லை. மூன்று நாளில் புதுக் கொசு வந்து விடும். விஷத்தை மட்டும் நம்பியவர்கள் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. டி.டி.டி. தெளிப்பால் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 1965-இல் ஏறக்குறைய ஒரு லட்சமாகக் குறைந்தது. ஒழித்தே விட்டோம் என்று எண்ணினோம். கொசுக்கள் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகின. கண்காணிப்பும் தளர்ந்தது. 1976-இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது!

விஷமில்லாத வழி ஒன்றை இந்தப் பகுதியே உலகுக்குக் காட்டியிருக்கிறது. நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது அல்லவா? அங்கே யானைக்கால் நோய் பழைய நோய். அந்நோயின் நுண்புழு கொசுவின் உடம்பில் வளர்கிறது என்று பாட்ரிக் மேன்சன் 1877-இல் சீனாவில் கண்டறிந்தார். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் பார்ப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே! திருவிதாங்கூரில் இந்நோயை ஆராய்ந்து 1938-இல் நூல் வெளியிட்டவர் எம்.ஓ.டி. ஐயங்கார். அங்கே ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு விசித்திரமானது. மேலே வந்து மூச்சு விடுவதில்லை. தண்ணீரில் மிதக்கும் ஆகாயத்தாமரை போன்ற செடிகளின் வேரில் தன் குழலைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றையே திருடிக் கொள்கிறது. நீரின் மேல் எண்ணெய் ஊற்றினால் மற்றப் புழுக்கள் மூச்சு முட்டிச் சாகும், இது சாகாது. ஆனால் செடியைப் பிடுங்கி விட்டால்? முடிந்தது!

1986-இல் புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையம் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் தொடங்கியது) கேரளத்துச் சேர்த்தலையில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. குளத்துச் செடிகளை வாரி எடுக்கச் சொன்னார்கள். வெறுமனே சொன்னால் யார் செய்வார்? செடி வாரிய குளத்தில் மீன் வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். மீன் விற்றுக் காசு வந்ததும் குளம் தானாகச் சுத்தமாக இருந்தது. இதில் பள்ளிக்கூடங்களில் மன்றம் அமைத்துச் செயல்பட்ட மாணவர்களின் பங்கும் பெரிது. அவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? செடி வாரியவருக்கு ஒரு வருமானம் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் அது இல்லை. முந்நூறு மரங்களில் கத்தி வைக்கிற தொழிலாளியைப் பார்த்து, வெட்டு நிற்கும்போது அத்தனை சிரட்டைகளையும் கவிழ்த்துவிட்டுப் போ என்று சும்மா சொல்வது சுலபம். அந்த வேலைக்கு அரை நாள் கூலியைத் தோட்டக்காரர் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரிய தோட்டமோ, வீட்டுக்குப் பின்னால் முப்பது மரம் நிற்கிற விளையோ, கணக்கு ஒன்றுதான். உங்கள் வீட்டிலேயே ரப்பர் இருந்தால் இதை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பிறர் தோட்டத்துக்குள் நீங்களாகப் புகுந்து சிரட்டையைக் கவிழ்க்க வேண்டாம். பால் வடிந்துகொண்டிருக்கும் சிரட்டையைத் தட்டி விட்டால் அது வேறு வம்பு!

ஆனால் ஆற்றங்கரையில் கிடக்கிற டம்ளரும், ஐஸ்கிரீம் கிண்ணமும், இளநீர்க் கூடும் யார் போட்டவை? சுற்றுலா வந்தவர்கள் போட்டவை. "அத்தனை பெரிய ஆற்றங்கரையில் எங்கள் பத்து டம்ளரைப் பொறுக்கினால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை கொசுவின் சிறகில் இருக்கிறது. ஆல்போபிக்டஸ் பிறந்த இடத்திலிருந்து சாதாரணமாக இருநூறு மீட்டருக்கு அப்பால் போவதில்லை. ஆகவே ஒரு படித்துறையில் கடிக்கும் கொசு அந்தப் படித்துறையைச் சுற்றித்தான் பிறந்திருக்க வேண்டும். மாவட்டம் முழுவதும் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருநூறு மீட்டர் சுத்தமானால் அந்த இருநூறு மீட்டரில் கடி குறையும். புறப்படும்போது ஒரு காலிச் சாக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மீன் விடலாமே என்று சிலர் சொல்வார்கள். பாறைக் குழியில் மீன் விட்டால் நல்லதுதான். ஆனால் எந்த மீன்? 1928-இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த கம்பூசியாவை வேண்டாம் என்பேன். அது கொசுப் புழுவோடு நம் மீன்களின் குஞ்சுகளையும் தின்று விடுகிறது. நம் ஓடைகளிலேயே தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு சிறு மீன் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். கேரளத்தில் மானத்துக்கண்ணி என்கிறார்கள். கொசுப் புழு என்றால் அதற்கு உயிர். ஓட்டத்தில் இருப்பதைப் பிடித்துப் பக்கத்துக் குழியில் விட்டாலே போதும்.

சுற்றுலா போய்வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் இரத்தக் கசிவை அதிகமாக்கி விடும். ஆகவே அவரைக் கேட்காமல் எந்த வலி மாத்திரையும் விழுங்காதீர்கள்.

விடுமுறை முடிவதற்குள் ஒரு சோதனையும் செய்து பாருங்கள். ஆற்றங்கரையில் மழைநீர் தேங்கிய ஒரு சிரட்டையையோ டம்ளரையோ கண்டால் அந்த நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு எத்தனை, காற்புள்ளி போல் வளைந்து கிடக்கும் கூட்டுப்புழு எத்தனை என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு ஓடும் ஆற்றின் நடுவிலிருந்து அதே அளவு நீரை மொண்டு அதையும் எண்ணுங்கள். பாறைக் குழியிலிருந்தும் ஒன்று. மூன்று கணக்கையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணி முடித்த கிண்ணத்தைச் சாக்கடையிலோ திரும்ப ஆற்றோரக் குழியிலோ ஊற்றி விடாதீர்கள். காய்ந்த மணலில், நல்ல வெயில் படும் இடத்தில் கொட்டுங்கள்.